ரயிலை நம்பாத எங்கள் அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவடையும் இந்த நாளில், வேலையையும் வெயிலையும் பார்க்காமல் வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் அம்மாவின் சார்பிலும், தம்பி குடும்பத்தின் சார்பிலும், என் சார்பிலும் கைகூப்பி வரவேற்கிறேன்.

இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி எழுத வேண்டியது மூத்தவளான நான்தான் என்று தம்பி சொல்லிவிட்டான். அவன் அவ்வளவு தாராளமாக எதையும் விட்டுக்கொடுப்பவன் அல்ல. என்ன விஷயம் என்று விசாரித்தேன். அச்சகத்தில் ஒரு கட்டுரை தயாராகவே இருக்கிறதாம். ஊரை மாற்றி, உறவு முறையை மாற்றி, கீழே என் பெயரைப் போட்டால் போதுமாம். "நேர்மையின் சிகரமே" என்று அது தொடங்குகிறது. போன மாதம் சின்னமனூரில் வேறொரு பெரியவரின் நினைவு நாளில் என் கையில் கொடுத்த மலரிலும் அதே சிகரம் இருந்தது. அச்சடிக்க வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் உத்தமபாளையத்தில் பத்திரம் எழுதுகிறவள். மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு வரி எழுதிப் பழக்கமில்லை. அப்பாவை நேர்மையானவர் என்று அச்சில் போடுவதற்கு முன் அது உண்மைதானா என்று பார்த்துவிட நினைத்தேன். பெற்ற தகப்பனையே சந்தேகப்படுகிறாளே என்று பழனிசெட்டிபட்டியிலிருந்து வந்த உறவுகள் முணுமுணுத்தது என் காதில் விழாமல் இல்லை. சந்தேகப்படுவதற்குக் காரணம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது தேவாரத்தில். தாத்தாவுக்கு மலையடிவாரத்தில் கிணற்றுப் பாசனத்தோடு கொஞ்சம் நிலம் இருந்தது. அடுத்தடுத்து மழை பொய்த்துக் கிணறு வற்றியபோது, பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அப்பாவை மதுரையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சாப்பாடு சரியில்லை, படுக்க இடம் சரியில்லை, வயிற்றுப் புண் வேறு வந்தது. அதையெல்லாம் அப்பா ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. அந்த நாட்களைப் பற்றி எப்போது கேட்டாலும் பேச்சு ரயில் இஞ்சினில்தான் போய் நிற்கும்.

பட்டறை ரயில் பாதையை ஒட்டி இருந்ததாம். கரி இஞ்சின்கள் நின்று தண்ணீர் பிடிக்கும் இடம் கூப்பிடு தூரம். வேலை இல்லாத நேரமெல்லாம் அங்கே போய் நின்றவர், ஒரு நாள் ஒன்றைக் கவனித்தார். இஞ்சினின் முகப்பில் மாட்டியிருந்த எண் ஒன்று. சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தடியில் குத்தியிருந்த எண் வேறு. ஓட்டுநரிடம் கேட்டிருக்கிறார். பழுது பார்க்கும்போது ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது வழக்கம்தான் என்று அவர் சிரித்தாராம். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப இது எந்த இஞ்சினு?" என்று கேட்டிருக்கிறார்.

ஓட்டுநர் விசிலை ஊதிவிட்டு வண்டியை எடுத்துவிட்டாராம். அன்று பிடித்தது அப்பாவுக்கு ரயில் பைத்தியம். மற்றவர்கள் புகையையும் கூவலையும் ரசித்தபோது, அப்பா எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். முகப்பில் இருப்பதை நம்பக்கூடாது, தடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் தானே கண்டுபிடித்துக்கொண்ட பாடம். அதை மனிதர்களுக்கும் வைத்துக்கொண்டதுதான் எங்களுக்கெல்லாம் வினையாகப் போனது.

அம்மாவைப் பெண் பார்க்கப் போடிக்குப் போன கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். சரியானது இதுதான். நேராக பஸ்ஸில் போகாமல், அப்பாவின் பிடிவாதத்தால் தேனிக்குச் சுற்றிப் போய் அங்கிருந்து ரயிலில் போயிருக்கிறார்கள். இறங்கியதும் தாத்தாவையும் மற்றவர்களையும் ஜட்காவில் ஏற்றிவிட்டு, "இந்தா வந்துர்றேன்" என்று அப்பா பின்தங்கிவிட்டார். பெண் வீட்டில் கேசரி ஆறி, பஜ்ஜி ஆறி, ஒரு மணி நேரம் கழித்து மாப்பிள்ளை வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ்.

"எங்கன போயிட்டீக மாப்ள?" என்று அம்மாவின் தகப்பனார் கேட்டிருக்கிறார்.

"முன்னால ஒரு நம்பரு, தடியில ஒரு நம்பரு மாமா. கேட்டா டிரைவர் ஒத்துக்கிற மாட்டேங்கிறாரு."

அம்மாவின் சித்தப்பா தன் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, பையனுக்குக் கிறுக்கு ஏதும் இருக்குமோ, நல்லா விசாரிங்க என்று சொன்னாராம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவரையே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

"என்னையப் பாக்க வந்தாகளா, இஞ்சினப் பாக்க வந்தாகளா, இன்னக்கி வரைக்கும் எனக்கு வெளங்கல" என்று அம்மா இப்போதும் சொல்கிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு சின்னமனூரில் அப்பா சொந்தமாகக் கடை போட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் வாழைக்கும் திராட்சைக்கும் தண்ணீர் இறைத்துக் கருகிய மோட்டார்களில் பாதி அப்பாவின் கையால் மறுபடி சுற்றப்பட்டவை. வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் முரடு. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் கரண்டின் மேல் பழியைப் போட்டால் அப்பாவுக்குப் பொறுக்காது.

"வோல்டேஜு மேல பழியப் போடாதீக. தண்ணி இல்லாத கெணத்துல ஓட விட்டீகளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

வீட்டிலும் அப்படித்தான். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார். பாலை முகர்ந்து பார்ப்பார். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை முதலில் தன் வாயில் வைத்துச் சோதிப்பார். நான் ஒரு முறை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு வந்து விடைத்தாளைக் காட்டச் சொன்னார். டீச்சர் முன்னால் எனக்குத் தலை நிமிர முடியவில்லை. எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்கா" என்று சொன்னார். அதுதான் அவர் என்னைப் பாராட்டியது. அன்று அழுதேன். என்னையும் அறியாமல் நானும் அதே மாதிரி ஆகிப்போனேன் என்பது இப்போது தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பாவைப் பிடிக்க முடியாது. உத்தமபாளையத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் காதர் மாமாதான் கூட்டாளி. மாமாவுக்கு இஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது. ரயில் நிலையத்து டீயும் பிரயாணமும் பிடிக்கும். அப்பாவின் பேச்சைப் பொறுத்துக்கொள்ளும் மனசு உண்டு. இரண்டு பேரும் கரி இஞ்சின் நிறுத்தி வைத்திருக்கும் ஊர் எதுவானாலும் போவார்கள். வெளியூரில் ஒரு பூங்காவில் நிறுத்தியிருந்த இஞ்சினுக்கு அடியில் அப்பா படுத்துப் பெயிண்டைச் சுரண்டி, பலகையில் எழுதியிருக்கும் எண் தப்பு என்று கண்டுபிடித்தார். காவலாளி விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மாமா இடையில் புகுந்து சமாதானம் செய்து கூட்டி வந்தார்.

குரங்கணி மலைக்குப் போன கதையை மாமா சொல்லிக் கேட்க வேண்டும். மூணாறில் வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு சின்ன ரயில் ஓடி, பெருவெள்ளத்தில் அழிந்துபோனது. மலை உச்சியிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அந்தக் கம்பித் தூண்களின் அடித்தளம் மிச்சமிருக்கிறதா என்று தேடப் போயிருக்கிறார்கள். திரும்பி வரும்போது வனத்துறைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்களாம். உள்ளே சுத்தியல், கம்பி பிரஷ், அளவு டேப்பு.

"ரெண்டு கெழடுக காட்டுக்குள்ள சுத்தியலோட திரிஞ்சா யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் பதமாச் சொல்லி முடிச்சிருப்பேன். உங்கப்பா அவுககிட்டயே, 'ஒங்க ஐடி கார்டு ஒரிஜினலா, காட்டுங்க'ன்னு கேட்டுப்புட்டாக. அரை மணி நேரத்துல விட வேண்டிய எங்கள பொழுது சாயுற வரைக்கும் ஒக்கார வச்சுட்டாக" என்பார் மாமா.

இப்படி அலைந்து சேர்த்த பொருட்கள் எங்கள் வீட்டு மாடி அறை முழுக்க இருக்கின்றன. பழைய கால அட்டவணைகள், அட்டை டிக்கெட்டுகள், கை விளக்குகள், தண்டவாள ஆணிகள். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கும். யாரிடம் வாங்கியது, எப்போது, எப்படி என்று அப்பாவின் கையெழுத்தில் இருக்கும். கொடுத்தவர் சொன்ன கதையை மட்டும் எழுதுவதில்லை, அதை நம்பலாமா என்பதையும் எழுதுவார். ஒரு விளக்கில் இப்படி இருக்கிறது: "ராணுவத்தில் இருந்து வந்தது என்கிறார். பொய். அடியில் ரயில் நிலையத்தின் பெயர் குத்தியிருக்கிறது." ஆதாரம் இல்லாத பொருளை அப்பா வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். அப்படித்தான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

மதுரை–போடி பாதையை அகலமாக்குவதற்காக வண்டியை நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. பெரிய வண்டி வரும், சென்னைக்கு நேராகப் போகலாம் என்றார்கள். அப்பா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இதே பாதைய உலகச் சண்டைக் காலத்துல பேத்து எடுத்துட்டுப் போனாக. திரும்பப் போட எத்தனை வருசமாச்சு தெரியுமா? இப்பயும் கொஞ்ச நாளைக்குத்தான்ங்கிறாக. யாராச்சும் எழுதி வாங்குனீகளா?"

வருடங்கள் ஓடின. அப்பா மாதம் ஒரு தடவையாவது தேனிக்குப் போய், ஜல்லி கொட்டியிருக்கிறார்களா, தண்டவாளம் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். பத்து வருடத்துக்கும் மேல் ஆனது. கடைசியில் வண்டி தேனிக்கு வந்தது, பிறகு போடிக்கும் வந்தது. மாலையும் மேளமுமாக ஊர் வரவேற்றது. அப்பா கையில் கால அட்டவணையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இது வந்துருச்சாத்தா, இல்ல வந்து பாத்துட்டுப் போகுதா?" என்று என்னிடம் கேட்டார்.

போன வருடம் அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. இதயம் பலவீனமாக இருக்கிறது, அலைச்சல் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அவரிடமும் ஸ்கேன் படத்தில் இருக்கும் பெயர் தன்னுடையதுதானா என்று அப்பா சரிபார்த்தார். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டார். அம்மா பக்கத்திலேயே இருந்தார். கடைசி வாரத்தில் பேச்சு குறைந்தது. ஒரு காலையில் காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரை அம்மாவிடம் நீட்டியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலி இல்லை, யாரையும் படுத்தவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. காதர் மாமா சாப்பிடாமல் அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் போய்ச் சுவரோரம் நின்றேன். ஒட்டுக் கேட்டது தப்புதான், ஆனால் கேட்டேன்.

"பீரோவுல அவுக சட்டைக்கு அடியில துண்டுல சுத்துன ஒரு சாமான் இருக்கும் தங்கச்சி. யாருக்கும் காமிக்காதீக. நான் ஒரு நாள் வந்து எடுத்துட்டுப் போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கூட்டாளி போன பதினாறாம் நாளே பொருளைக் கேட்டு வருகிறவரை என்னவென்று நினைப்பது? எல்லோரும் போன பிறகு பீரோவைத் திறந்தேன். துண்டுக்குள் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு மரக்கோல். தலையில் பித்தளைப் பட்டை. பட்டையில் நம் பாதையின் இரண்டு நிலையங்களின் பெயர்கள் வெட்டியிருந்தன. எந்த நிலையங்கள் என்று எழுதி அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சிக்கல் உண்டாக்க எனக்கு விருப்பமில்லை. கோலில் நூல் இல்லை, அட்டை இல்லை.

அது என்னவென்று அப்பாவின் நோட்டுகளிலேயே படம் போட்டிருந்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதனால் இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள பகுதிக்கு ஒரே ஒரு கோல் வைத்திருப்பார்கள். அது கையில் இருந்தால்தான் ஓட்டுநர் வண்டியை எடுக்கலாம். வெளியாள் கையில் அது இருக்கவே கூடாது. ஏலத்திலும் வராது, இனாமாகவும் தரமாட்டார்கள். அட்டை ஏன் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

தம்பியிடம் காட்டினேன், அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"ரயில்வே சாமான வீட்டுல வச்சிருந்தா உள்ள தூக்கிப் போட்டுருவாகக்கா. முல்லையாத்துல தண்ணி நல்லாப் போகுது. காதும் காதும் வச்ச மாதிரி போட்டுட்டு வந்துருவோம்."

"போட்டுட்டு, மலர்ல 'நேர்மையின் சிகரம்'னு போடுவியா?"

"எல்லாரும் போடுறதுதான? யாரு வந்து செக் பண்றாக?"

"நம்ம அப்பா இருந்தா பண்ணியிருப்பாரு."

தம்பி கோலை மறுபடி துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்தான். ஆனால் எனக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்டவர், என் விடைத்தாளைக்கூட வாங்கிப் பார்த்தவர், வீட்டு பீரோவில் திருட்டுப் பொருளை வைத்துக்கொண்டா கேட்டார்? அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் அப்பாவின் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இல்லை, காதர் மாமா எடுத்து அப்பாவிடம் கொடுத்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. மாமா என்னை மன்னிக்க வேண்டும்.

பல மாதம் தள்ளிப்போட்டேன். மலர் போடும் பேச்சு வந்தபோது தள்ளிப்போட வழியில்லை. ஒரு மத்தியானம் மாமாவின் கடைக்குப் போனேன்.

"மாமா, அந்தக் கோல யாரு எடுத்தது?"

"எந்தக் கோலு?"

"பொய் சொல்ற மொகத்த பத்திர ஆபீஸ் வாசல்ல நாள் பூரா பாக்குறவ நான். சொல்லுங்க."

மாமா கையில் இருந்த சீரகப் பொட்டலத்தை மடித்து வைத்தார். "உங்கப்பாதான்த்தா. நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார்.

பழைய பாதையில் கடைசி வண்டி ஓடிய நாள் அது. வண்டி வந்து நின்றாகிவிட்டது. மேடை முழுக்கக் கூட்டம். இஞ்சினுக்கு மாலை போடுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள், அழுகிறவர்கள். அந்தக் கோலைக் கையில் வாங்கி ஆளுக்கு ஆள் படம் எடுத்துக்கொண்டார்களாம். அப்பாவின் கைக்கு வந்தது. அப்பா படம் எடுக்கவில்லை. துண்டில் சுற்றினார். நடந்துவிட்டார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் சண்டை போட்டுட்டே வந்தேன். 'இது பிணை காதரு'ன்னாக. 'கோலு ஆபீசுக்கு வராம பாதையை மூடுனதா எழுத முடியாது. தேடிக்கிட்டு வீட்டுக்கு வருவாக. வண்டி என்னக்கித் திரும்ப வரும்னு எழுதிக் குடுங்க, கோல வாங்கிட்டுப் போங்கன்னு சொல்லுவேன்'னாக."

"யாரும் வந்தாகளா?"

"யாரு வருவா? புதுப் பாதைக்கு அந்தக் கோலே வேணாமாம். அது உங்கப்பாவுக்குத் தெரியல. வாசல்ல ஜீப் சத்தம் கேட்டா எந்திரிச்சுச் சட்டை போடுவாக. வருசக் கணக்காப் பாத்தாக."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோட்டையைப் பிடித்ததாக நினைத்துக்கொண்டு ஒரு மரக்கோலோடு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். எதிராளிக்கு அப்படி ஒரு சண்டை நடப்பதே தெரியாது.

"சரி மாமா. வண்டிதான் வந்துருச்சே. அப்பறம் ஏன் குடுக்கல? ஆசையில வச்சுக்கிட்டாரா?"

மாமா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"அத என்கிட்ட கேக்குற? வண்டி நெலச்சு ஓடுதான்னு பாத்துட்டு உன்கிட்டத்தான கேட்டாக, ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போன்னு."

மேலே அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி எழுதினேன் அல்லவா, அதில் ஒன்றை விட்டுவிட்டேன். நாலு முறை படித்துப் பார்த்தும் சேர்க்கக் கை வரவில்லை. இப்போது சேர்க்கிறேன்.

அப்பா இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் சின்னமனூருக்கு வந்திருந்தேன். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மடியில் ஒரு நீளப் பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, என்னைய ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போ. ஒரு மணி நேரச் சோலி. போயிட்டு வந்துரலாம்."

"பையில என்னப்பா?"

"அதச் சொல்ல முடியாது."

இஞ்சின் பார்க்க மதுரைக்குக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மாற்றுச் சட்டையும் மாத்திரையும் பைக்குள் இருக்கும் என்று சந்தேகப்பட்டேன். மருத்துவர் அலைச்சல் கூடாது என்று சொல்லியிருக்கிறார் அல்லவா?

"பையக் காட்டுங்க, கூட்டிட்டுப் போறேன்."

"என்னைய நம்ப மாட்டியா ஆத்தா?"

"நீங்க யாரப்பா நம்புனீக, நான் உங்கள நம்புறதுக்கு?"

அப்பா பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அது போதாதென்று காதர் மாமாவுக்குப் போன் போட்டு, அப்பா கேட்டால் எங்கேயும் கூட்டிப்போகாதீர்கள், உடம்புக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு என்றும் சொல்லி வைத்தேன். அடுத்த வாரம் அப்பா மாமாவைக் கேட்டிருக்கிறார். மாமா என் பேச்சை மதித்து மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"அதுக்கப்பறம் கேக்கல. 'நான் போனப்பறம் நீயாச்சும் குடுத்துரு காதரு, புள்ளைக மேல பழி வரக்கூடாது'ன்னாக. அதான் தங்கச்சிகிட்ட வந்து கேட்டேன். நீ என்னைய ஒரு மாதிரியாப் பாத்த. விட்டுட்டேன்."

கடையில் நின்றுகொண்டே அழுதேன். சாமான் வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை.

இரண்டு வாரத்துக்கு முன் அம்மா, தம்பி, காதர் மாமா, நான் நான்கு பேரும் அந்த நிலையத்துக்குப் போனோம். காலை வண்டி போன பிறகு கூட்டமில்லை. அங்கிருந்த அலுவலர் வயதில் என்னைவிடச் சிறியவர். கோலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படி ஒன்றைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். பதிவேட்டில் தேடினார். இல்லை. எங்கோ போன் செய்தார். பிறகு, இது எப்படி உங்களிடம் வந்தது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

தம்பி என் கையைக் கிள்ளினான். "கெடந்துச்சு, எடுத்தோம்னு எழுதுக்கா" என்று காதோடு சொன்னான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒங்கப்பா கெடந்தத எடுத்தாகளா? ஏலே, உள்ளத எழுதட்டும்டா."

எத்தனையோ பேருடைய சொத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் பத்திரம் எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. அப்பா அனுமதியில்லாமல் எடுத்தார் என்று எழுதினேன். ஏன் எடுத்தார் என்று எழுதினேன். திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டார் என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினேன்.

ஆகவே உறவினர்களே, நண்பர்களே, இந்த மலரில் நேர்மையின் சிகரம் இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன், பெயர் வைப்பதை உங்களிடம் விடுகிறேன். அம்மாவுக்கு இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். "நல்லாருக்கு. அவுக இருந்தா, இதுக்கெல்லாம் சாட்சி யாருன்னு கேட்டிருப்பாக" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பாவைக் கடைசி வரை கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், கடையைப் பூட்டாமல் நடத்திவரும் பணியாளர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பைத் தங்கள் அடுப்பாக நினைத்துச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் வந்து நின்ற சொந்தங்களுக்கும், தயாராக இருந்த கட்டுரையைக் கோபப்படாமல் எடுத்துவிட்ட அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாங்கள் சந்தேகப்பட்டும் எங்களைக் கைவிடாத காதர் மாமாவுக்கு எந்தச் சொல்லும் போதாது.

கோலை வாங்கிக்கொண்ட அந்த அலுவலருக்கும் நன்றி. கடிதத்தைப் படித்துவிட்டு, "கடைசி வரி தேவையில்லைம்மா, அடிச்சிருங்க" என்று பேனாவை நீட்டினார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நம்புகிறேன். நான் அடிக்கவில்லை. "திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டவரை நம்பாமல் தடுத்தவள் அவருடைய மகளாகிய நான்" என்ற அந்த வரிக்குக் கீழேதான் என் கையெழுத்து இருக்கிறது.